பிள்ளைக்கு பக்தி வேண்டும்... பயம் வேண்டாம்!

தீபாவளிக்கு மாடி வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வரும். ரம்ஜானுக்கு எதிர் வீட்டு பாய் பிரியாணி கொடுத்தனுப்புவார். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து கேக்கும் முந்திரிக்கொத்தும் அந்த இரண்டு வீடுகளுக்கும் போகும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராமல் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம்.

பெரியவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால், அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையின் மனசில் என்ன ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ‘இது சாமிக்குப் படைச்சதா? நான் தின்னலாமா? தின்னா இயேசப்பா கோவிச்சுக்குவாரா?’

“வைத்தியருக்கு இதில் என்ன வேலை? இது போதகரும் பங்குத்தந்தையும் பேச வேண்டிய விஷயமாச்சே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வேதத்துக்கு விளக்கம் சொல்ல நான் வரவில்லை. ஆனால், இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வீட்டில் சரியான பதில் கிடைக்காத பிள்ளை, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவது எங்களைப் போன்ற வைத்தியர்களின் முன்னால்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட பாதிப் பேர். மற்ற ஊர்களில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளையின் வகுப்புத் தோழன், ஆட்டோக்காரர், டியூஷன் டீச்சர் என்று பழகுகிற முக்கால்வாசிப் பேர் வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆக, சொந்த விசுவாசத்தையும் ஊட்ட வேண்டும், அடுத்தவர் நம்பிக்கையை மதிக்கவும் பழக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா? நடக்கும். எப்படி என்று பார்ப்போம்.

(கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினாலும், மற்ற வீட்டுப் பெற்றோரும் படிக்கலாம். சாமி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்!)

வலி வயிற்றில்... காரணம் மனசில்!

மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். “டாக்டர், ஒரு மாசமா தொப்புளைச் சுத்தி வலிக்குங்கான். பூச்சி மருந்து கொடுத்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ராத்திரி படுத்தா தூக்கமும் வரமாட்டேங்குது” என்றார்.

நாடி பார்த்தேன். நாக்கு, கண், வயிறு எல்லாம் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம், கிரிக்கெட் என்று நன்றாகத்தான் பேசினான். பக்கத்து வீட்டுச் சிநேகிதனைப் பற்றிக் கேட்டதும் முகம் சுண்டிப் போயிற்று.

“அவன் ஞானஸ்நானம் எடுக்கலைல்லா... செத்துப்போனா அவனை நெருப்புல போட்ருவாங்களாம். ஒரு அண்ணன் சொன்னான். போன வாரம் அவனுக்குக் காய்ச்சல், டாக்டர்” என்றான்.

எட்டு வயசுப் பிள்ளை, தன் சிநேகிதன் எப்போது செத்துப்போவானோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்! யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா, அம்மாவும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அவனுக்கு ஓமத்தண்ணீரைத் தவிர வேறு மருந்து எதுவும் நான் கொடுக்கவில்லை. அவன் அப்பாவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி அவர் பையனைப் பக்கத்தில் படுக்க வைத்து, “உனக்கு அவன் மேல எவ்வளவு பிரியமோ, அதைவிட ஆண்டவருக்கு அவன் மேல பிரியம் ஜாஸ்தி. அவனை அவர் பார்த்துக்குவார். நீ அவனுக்காக ஜெபம் பண்ணு. காலையில போய் அவனோட விளையாடு” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று வாரத்தில் வலி படிப்படியாக விட்டுப்போனது.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாமல் அடிக்கடி வயிறு வலிப்பது மிகச் சாதாரணம். குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு நெருக்கமானது. பயமும் கவலையும் குடலின் அசைவை மாற்றும்; வலியை அதிகமாக உணர வைக்கும். பிள்ளை நடிக்கவில்லை. அந்த வலி நிஜமான வலிதான்.

அதற்காக எல்லா வயிற்றுவலியையும் ‘மனசு’ என்று தள்ளிவிடாதீர்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, வலப்பக்க அடிவயிற்றில் வலி இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதேபோல், ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால், மனக்கலக்கமும் காரணமாக இருக்கலாம்; சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் மனசு.

அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர் ஆகியவற்றோடு கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! “ஜெபம் பண்றப்ப அழக்கூடாது”, “விசுவாசம் இருந்தா பயப்படக்கூடாது” என்று பிள்ளையின் அழுகையை அடக்காதீர்கள். அழுதால் காரணத்தைக் கேளுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

விசுவாசம் எப்படி ஊறுகிறது?

புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயு என்று ஒரு வாலிபர் வருகிறார். பவுலுக்கு மகன் மாதிரி. இவருடைய தாயார் யூதப் பெண், தகப்பனாரோ கிரேக்கர். கலப்புக் குடும்பத்துப் பிள்ளை! இவருக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் எழுதும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் குறிப்பிடுகிறார். வீட்டில் தினமும் கண்டு பழகியதுதான் அவருக்குள் தங்கியது.

இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளையின் மனசில் சாமியைப் பதிய வைப்பது, தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் குடும்ப ஜெபமும், அம்மாவின் பாட்டும், ஆச்சியின் ஜெபமாலையும்தான். வயதுக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

3 வயது வரை: வார்த்தை புரியாது, குரல் புரியும். தூங்க வைக்கும்போது ஒரு பாட்டு, நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம், அவ்வளவு போதும்.

4 முதல் 7 வயது வரை: சொல்வதை அப்படியே நிஜமாக எடுத்துக்கொள்ளும் வயது. ‘நெருப்பு’ என்றால் அடுப்பு நெருப்புதான். ஆகவே சாத்தான், நரகம், உலக முடிவு பற்றிய பேச்சு வேண்டாம். ஆட்டுக்குட்டியைத் தேடிப்போன மேய்ப்பன், குழந்தைகளை மடியில் வைத்த இயேசு போன்ற கதைகளைச் சொல்லுங்கள். ஜெபம் ஐந்து நிமிஷத்துக்குள் முடியட்டும்.

8 முதல் 11 வயது வரை: நியாயம், அநியாயம் பார்க்கும் வயது. ‘அவன் நல்லவன்தானே, அவனை ஏன் சாமிக்குப் பிடிக்காது?’ என்று கேட்பது இப்போதுதான். நல்ல சமாரியன் கதை இந்த வயதுக்கென்றே சொன்னது போல இருக்கும். யூதருக்கும் சமாரியருக்கும் எந்த மலையில் கும்பிடுவது என்பதிலேயே தகராறு. ஆனாலும் அடிபட்டுக் கிடந்தவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியவன் அந்தச் சமாரியன்தான் என்று இயேசு சொல்கிறார். அடுத்த மதத்துக்காரரிடம் நல்லதைப் பார்க்கச் சொல்ல இதைவிட நல்ல பாடம் உண்டா?

12 வயதுக்கு மேல்: கேள்வி கேட்கும் வயது. ‘கடவுள் இருக்காருன்னு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் அறையக்கூடாது. அதட்டி அடக்கிய கேள்வி வேறு எங்காவது போய் விடை தேடும். “நல்லா கேட்ட. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததை ஐயர்கிட்ட போய்க் கேட்போம்” என்று சொல்லுங்கள். (நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்று அழைப்பது வழக்கம்.)

பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

“நம்ம சாமி பெருசா, அவங்க சாமி பெருசா?”

‘எல்லாம் ஒண்ணுதான் போ’ என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நீங்கள் அப்படி நம்பவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ‘அதெல்லாம் பேய்’ என்றும் சொல்ல வேண்டாம். நாளைக்கே போய் அதை வகுப்பில் சொல்லிவிடும். அந்த நட்பு முறிந்தால் நஷ்டம் உங்கள் பிள்ளைக்குத்தான். இப்படிச் சொல்லலாம்: “நாம இயேசப்பாவை நம்புறோம். நமக்கு அவர்தான் எல்லாம். அவங்க வேற மாதிரி கும்பிடுறாங்க. உனக்கு உன் அம்மா மேல எவ்வளவு ஆசை? அவனுக்கும் அவன் அம்மா மேல அவ்வளவு ஆசை இருக்கும்ல? அவன் அம்மாவை நீ கேலி பண்ணுவியா? அது மாதிரிதான்.”

“என் ஃபிரண்டு நரகத்துக்குப் போவானா?”

“யார் எங்க போவாங்கன்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேலை இல்ல. அது ஆண்டவர் வேலை. அவர் நம்மைவிட நியாயமானவர், நம்மைவிட அன்பானவர். நீ அவனுக்கு நல்ல சிநேகிதனா இரு.” இதற்கு மேல் சிறு பிள்ளைக்கு வேண்டியதில்லை. சபைக்குச் சபை போதனை மாறும். பெரியவனானதும் உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ விளக்கமாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

“நான் மட்டும் ஏன் பொட்டு வைக்கக்கூடாது?”

கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் பொட்டு, பூ எல்லாம் உண்டு. மற்ற சபைகள் பலவற்றில் இல்லை. “இது நம்ம வீட்டு வழக்கம்” என்று சொன்னால் போதும். ‘பொட்டு வைக்கிறது பாவம்’ என்று சொன்னால், நாளைக்குப் பொட்டு வைத்திருக்கும் டீச்சரைப் பார்க்கும்போது பிள்ளை என்ன நினைக்கும்?

“கொலு பார்க்கக் கூப்பிடுறாங்க, போகட்டுமா?”

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதும், அங்கே வழிபாட்டில் கலந்துகொள்வதும் வேறு வேறு. போகலாம், பொம்மைகளைப் பார்க்கலாம், ‘நல்லா இருக்கு அத்தை’ என்று சொல்லலாம். ஆரத்தி எடுக்கும்போது கை கட்டி அமைதியாக நின்றால் போதும். சிரிக்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. உங்கள் சபையில் அசனம் நடக்கும்போது எல்லா மதத்தாரும் வந்து பந்தியில் உட்காருகிறார்கள் அல்லவா? அவர்கள் உங்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதைதான்.

பிரசாதம்: சாப்பிடலாமா, கூடாதா?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளுக்கு முன்பே கொரிந்து பட்டணத்து விசுவாசிகளுக்கு இதே சந்தேகம் வந்து, பவுல் பதில் எழுதியிருக்கிறார். கடையில் விற்பதைத் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடலாம். படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடலாம் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். உணவைவிட அடுத்தவர் மனசுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

சில குடும்பங்கள் சாப்பிடுகின்றன. சில குடும்பங்கள் சாப்பிடுவதில்லை. எது உங்கள் வழக்கமோ, அதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்பா ‘சாப்பிடு’ என்றும் அம்மா ‘துப்பு’ என்றும் சொன்னால், பிள்ளைக்கு அந்த நேரமே வயிறு கலங்கும். சாப்பிடுவதில்லை என்றால் மறுக்கும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள்: “இல்ல அத்தை, எங்க வீட்ல படைச்சது சாப்பிட மாட்டோம், கோவிச்சுக்காதீங்க. படைக்காத முறுக்கு இருந்தா ரெண்டு தாங்க!” எந்த அத்தைக்கும் கோபம் வராது. வாங்கிக்கொண்டு வந்து குப்பையில் போடுவதுதான் தப்பு. கொடுத்தவர் கண்ணில் பட்டால் மனசு என்ன பாடுபடும்?

தெரியாமல் தின்றுவிட்ட பிள்ளையை விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, அடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். தொண்டைக்கும் கெடுதல், மனசுக்கும் கெடுதல். அப்புறம் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

நோன்பு யாருக்கு?

கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் 40 நாள். இஸ்லாமியர்களுக்கு ரமலான் நோன்பு 29 அல்லது 30 நாள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கு 41 நாள் விரதம். வாயைக் கட்டி மனசை அடக்கும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வகுப்பில் நோன்பு இருக்கும் தோழன் முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து ஆசை காட்டாமல் இருக்கவும், மாலை போட்ட பையனைக் கேலி செய்யாமல் இருக்கவும் தானாகவே பழகிவிடும்.

ஆனால், வளரும் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே, 14 வயது முடிந்தவர்களுக்குத்தான் இறைச்சி தவிர்க்கும் கடமை என்றும், ஒருசந்தி இருப்பது 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு என்றும் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைச் சத்து சீக்கிரம் இறங்கிவிடும். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் வெறும் வயிற்றோடு நிற்க வைத்தால் மயங்கி விழும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குப் பட்டினி ஆபத்து.

பட்டினிக்குப் பதிலாக மிட்டாய்க் காசை உண்டியலில் போடச் சொல்லுங்கள். பாட்டியோடு சேர்ந்து தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கப் பழக்குங்கள். சேர்ந்ததை, எந்த மதம் என்று பார்க்காமல், இல்லாத வீட்டுக்குப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 24, 31 நள்ளிரவு ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் பிள்ளையைத் தூங்க வையுங்கள். தலையையும் காதையும் மூடி அழைத்துப் போங்கள். இழுப்பு உள்ள பிள்ளையானால், டாக்டர் கொடுத்த மருந்து கையில் இருக்கட்டும்.

மருந்துக்கு மதம் உண்டா?

“சிவனார் அமிர்தம்னு எழுதியிருக்கே டாக்டர், இதை நாங்க சாப்பிடலாமா?” என்று கேட்டவர்கள் உண்டு. துளசிச் செடியை வீட்டில் வைக்கத் தயங்கும் தாய்மார்களும் உண்டு. சிவனார் வேம்பு, திருநீற்றுப்பச்சிலை என்று மூலிகைகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் அப்படி. பெயர் வைத்தவர் பக்தி அவருக்கு, குணம் செடியினுடையது. சளிக்குத் துளசிச் சாறு கொடுத்தால், குடிக்கிற பிள்ளை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று துளசி கேட்காது!

இன்னொன்று தெரியுமா? குழந்தை இயேசுவுக்குச் சாஸ்திரிகள் கொண்டுவந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மூன்றில், அந்த வெள்ளைப்போளம் இன்றைக்கும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. சித்த மருந்துகளில் சேர்க்கிறோம். எந்த மதத்தாரும் ‘இது பைபிள் சரக்கு’ என்று ஒதுக்குவதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம், ஜெபத்தையும் மருந்தையும் எதிரிகளாக்குவது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று ஜெப வீட்டுக்கும், கோடாங்கியிடமும், மந்திரிக்கவும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். வலிப்பு மூளையில் ஏற்படும் கோளாறு. மருந்துக்குக் கட்டுப்படும் நோய். வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவி கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிஷத்துக்குமேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் தடவை வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பவுலுடன் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்த தீமோத்தேயுவுக்கு, அந்தக் காலத்து வழக்கப்படி வயிற்றுக்கு ஆகிறதைச் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதுகிறார். கத்தோலிக்கர் வாசிக்கும் சீராக் நூலின் 38-ம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள்!

இரண்டு மதம் சேர்ந்த வீட்டில்...

அப்பா கிறிஸ்தவர், அம்மா இந்து. அல்லது நேர்மாறாக. இப்போது இது அபூர்வமில்லை. பிரச்னை பெரும்பாலும் தம்பதிக்கு நடுவில் வருவதில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் இரண்டு பக்கத்துத் தாத்தா, பாட்டியிடமிருந்துதான் வருகிறது. ஞானஸ்நானமா, முடி இறக்குவதா, எந்தப் பெயர்? இதையெல்லாம் பிள்ளை பிறப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். பிள்ளையை ஒரு விசுவாசத்தில் வளர்ப்பது என்று முடிவானால் அப்படியே வளர்க்கலாம். ஆனால், மறுபக்கத்து ஆச்சி வீட்டுப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போகும் உறவை அறுக்காதீர்கள். ‘உங்க அம்மா கும்பிடறது தப்பு’ என்று பிள்ளை காதில் ஓதுவது, அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்குச் சமம். பசி குறைந்து, படிப்பு குறைந்து, எரிச்சலோடு திரியும் பிள்ளைகளில் சிலருக்கு நோய் இதுதான்.

முன்னோர் காட்டிய வழி

விசுவாசத்தில் உறுதியாக இருப்பவர் மற்றவரை ஒதுக்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்று எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகப் பாடினார். சைவரான மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர் மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடியவர். பாளையங்கோட்டைப் பக்கத்து எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை (1827-1900) வைணவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியபோதும் கம்பனிடம் கற்ற தமிழை அவர் உதறவில்லை. இவர்கள் யாருக்கும் விசுவாசம் குறைந்துபோகவில்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது.

நினைவில் வையுங்கள்

* பிள்ளை காதுபட அடுத்த மதத்தைக் கேலி பேசாதீர்கள். செல்போனில் வரும் கேலி வீடியோக்களை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டாதீர்கள்.

* ‘சாமி கண்ணைக் குத்தும்’, ‘சாத்தான் பிடிச்சுக்குவான்’ என்று மிரட்டிச் சாப்பாடு ஊட்டவோ தூங்க வைக்கவோ வேண்டாம்.

* ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்ததும் ‘இன்னைக்கு என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டதை அன்றைக்கே திருத்திவிடலாம். பயமுறுத்தும்படி யாராவது பேசினால், நடத்துகிறவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

* அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதப் போதனையிலும் வழிபாட்டிலும் கட்டாயமாகக் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு இது. உங்கள் பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. மிஷன் பள்ளியில் படிக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைக்கும் உண்டு.

* உங்கள் பிள்ளையை யாராவது மதத்தைச் சொல்லிக் கேலி செய்தால், ‘நீயும் திருப்பிச் சொல்லு’ என்று தூண்டாதீர்கள். டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அப்பா, அம்மா துணைக்கு இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

* காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கமின்மை, படுக்கையை நனைப்பது தொடர்ந்தால், பரிசோதனைகளை முடித்துவிட்டுப் பிள்ளையோடு பத்து நிமிஷம் தனியாக உட்காருங்கள். ‘உனக்கு எதுக்கெல்லாம் பயமா இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

இன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்தில், பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரையும் சொல்லி, அவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று பிள்ளையையே வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அதோடு நிம்மதியாகத் தூங்கும்.